பத்துப் பாட்டா, முப்பத்தொன்றா? 2024 முதல் பாதியின் பாப், இண்டி ஆல்பங்கள்: ஒரு விளக்கம்

ஜூன் முடிந்தால் போதும், 'இந்த ஆண்டில் இதுவரை வந்த நல்ல ஆல்பங்கள்' என்று ஆளாளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். 2024 பட்டியல்களைப் பார்த்தவர்களுக்கு இம்முறை கொஞ்சம் தலை சுற்றியிருக்கும். ஒரே ஆல்பத்தை ஒருவர் 16 பாட்டு என்கிறார், இன்னொருவர் 31 என்கிறார். 2023 செப்டம்பரில் வந்த ஆல்பம் இந்த ஆண்டுப் பட்டியலில் நிற்கிறது. எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஓர் ஆல்பத்தை ஸ்பாட்டிஃபையில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. உலகின் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவை இண்டி என்கிறார்கள். நடுவில் இசைத்தட்டை எத்தனை வண்ணத்தில் விற்கலாம் என்று ஒரு சண்டை வேறு.

இவை தனித்தனிக் குழப்பங்களாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஓர் ஆல்பத்தை விற்பனைப் பட்டியலில் எப்படி எண்ணுகிறார்கள் என்ற கணக்கு. எது நல்ல ஆல்பம் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் ஆல்பம் எவ்வளவு நீளம், எத்தனை பதிப்பு, எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையெல்லாம் அதுதான் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த ஆறு மாதத்தில் மனதில் நின்ற ஆல்பங்களைப் பார்த்தால் அந்தக் கணக்கைச் சட்டை செய்யாதவை சில, அதையே விளையாட்டாக மாற்றியவை சில.

## முதலில் மூன்று சொற்கள்

1. ஆல்பம். நமக்கு ஆல்பம் என்றதும் ஒரு படத்தின் பாட்டுகள்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது ஒரு பாடகரோ குழுவோ வரிசை பார்த்து அடுக்கி ஒன்றாக வெளியிடும் பாட்டுகளை. 12 அங்குல இசைத்தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் பதியலாம் என்பதால் நாற்பது நிமிடச் சொச்சம் என்ற அளவு பழகிப்போனது. சிடி வந்த பிறகு அது 74, பின்னர் 80 நிமிடம்வரை நீள முடிந்தது. ஸ்ட்ரீமிங்கில் எல்லை என்று எதுவும் கிடையாது, சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

2. பாப். பரவலான கூட்டத்தைக் குறிவைத்துச் செய்யப்படும் பாட்டு. இதற்கு மேல் வரையறை தேடினால் சண்டையில்தான் முடியும்.

3. இண்டி. யுனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய இசை நிறுவனங்களைச் சேராத சுதந்திரமான லேபிள்களில், அதாவது பாட்டுகளை வெளியிடும் நிறுவனங்களில், வருவது என்பதுதான் பழைய பொருள். காலப்போக்கில் அது ஒரு ஓசைக்கும் மனோபாவத்துக்கும் பெயராகிவிட்டது: கிட்டார், சற்றுக் கரடுமுரடான பதிவு, பாட்டெழுதுபவரின் சொந்தக் குரல். இப்போது இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் புழங்குவதால்தான் குழப்பம். வாம்பயர் வீக்எண்ட் குழுவின் முதல் மூன்று ஆல்பங்கள் எக்ஸ்எல் என்ற சுதந்திர லேபிளில் வந்தன. 2019 முதல் அவர்கள் சோனியின் கொலம்பியாவில். 2024 ஏப்ரல் 5 அன்று வந்த 'ஒன்லி காட் வாஸ் அபவ் அஸ்' ஆல்பத்தை எல்லாப் பட்டியலும் இண்டி என்றுதான் போடுகிறது. பிப்ரவரியில் 'ப்ரெலூட் டு எக்ஸ்டஸி' என்ற முதல் ஆல்பத்திலேயே பிரிட்டனில் முதலிடம் பிடித்த த லாஸ்ட் டின்னர் பார்ட்டி யுனிவர்சலின் ஐலண்ட் லேபிளில் இருக்கிறது, அதுவும் இண்டிதான். ஆக, பட்டியலில் இண்டி என்று இருந்தால் ஓசையைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு எங்கே போகிறது என்பது தனிக் கேள்வி.

## கணக்கு எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவின் பில்போர்டு 200 தான் எல்லாரும் பார்க்கும் ஆல்பம் வரிசை. உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாவது 2015 ஜூலையில் வந்த வழக்கம். பில்போர்டின் வாரமும் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடியும். அந்த ஏழு நாளில் எத்தனை 'யூனிட்' சேர்ந்தது என்பதை வைத்து இடம். யூனிட் இப்படிச் சேரும்:

1. யாராவது முழு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கினால் ஒரு யூனிட். இசைத்தட்டு, சிடி, கேசட், டிஜிட்டல் டவுன்லோடு எல்லாம் இதில் சேர்த்தி.
2. ஆல்பத்தின் பாட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் பத்துக்கு ஒரு யூனிட்.
3. 2024-இல் இருந்த விதிப்படி, சந்தா கட்டியவர்கள் கேட்டால் 1,250 ஸ்ட்ரீமுக்கு ஒரு யூனிட். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750-க்கு ஒன்று. ஸ்பாட்டிஃபை ஒரு பாட்டை முப்பது வினாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் என்று எடுத்துக்கொள்ளும்.
4. ஒரே ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளும் ஒரே பெயரில் கூட்டப்படும். நீல அட்டை, பச்சை அட்டை, கூடுதல் பாட்டு உள்ளது, இல்லாதது எல்லாம் ஒன்றுதான்.

மூன்றாவது விதியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பத்துப் பாட்டு ஆல்பத்தைச் சந்தாதாரர் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் பத்து ஸ்ட்ரீம். அந்த விதிப்படி ஒரு யூனிட் சேர 125 முழுக் கேட்பு வேண்டும். 31 பாட்டு ஆல்பம் என்றால் நாற்பத்தொரு கேட்பு போதும், யூனிட் வந்துவிடும். அதே ரசிகர், அதே ஆர்வம், மூன்று மடங்கு பலன். பாட்டு மூன்று நிமிடமா எட்டு நிமிடமா என்பது கணக்கில் வராது. ஆகவே சின்னச் சின்னப் பாட்டாக நிறையப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். இப்படி ஒரு விதி இருக்கும்போது ஆல்பங்கள் நீளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான்காவது விதி பதிப்புகளைப் பெருக்குகிறது. தீவிர ரசிகர் ஒருவர் நான்கு பதிப்பு வாங்கினால் நான்கு யூனிட். அவற்றுக்கிடையே ஒரே ஒரு பாட்டுதான் மாறியிருக்கும், ஆனால் அந்த ஒரு பாட்டுக்காக வாங்குவார்.

சரி, இதனால் பாடகருக்கு நேரடியாகக் காசு வருமா? வாங்கினால் வரும். ஸ்ட்ரீமுக்கு நிலையான விலை கிடையாது. சந்தாப் பணத்தையெல்லாம் ஒரே குவியலாகச் சேர்த்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதியும் சேர்ந்தது: கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம்கூடத் தாண்டாத பாட்டுக்குப் பதிவு உரிமைப் பங்கு கிடையாது. பெரிய பெயர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. படுக்கையறையில் பாட்டுப் பதியும் ஆளுக்கு, தொகை சில்லறையாகவே இருந்தாலும், கதவை முகத்தில் சாத்தியது போலத்தான் இருந்திருக்கும்.

## ஏப்ரல், மே, ஜூன்: மூன்று மோதல்கள்

டெய்லர் ஸ்விஃப்டின் 'த டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' ஏப்ரல் 19 நள்ளிரவில் 16 பாட்டோடு வந்தது. இரண்டே மணி நேரத்தில் மேலும் 15 பாட்டு சேர்ந்து 'ஆன்தாலஜி' என்ற பெயரில் 31 ஆனது. அதற்கு முன்பே நான்கு வெவ்வேறு கூடுதல் பாட்டுகளோடு நான்கு பதிப்புகள் முன்பதிவில் இருந்தன. முதல் வாரத்தில் அமெரிக்காவில் 26.1 லட்சம் யூனிட். அதில் 19 லட்சத்துக்கு மேல் நேரடி விற்பனை, அதிலும் இசைத்தட்டு மட்டும் 8.59 லட்சம். ஸ்ட்ரீம் 89 கோடிக்கு மேல். முன்சொன்ன நான்கு விதிகளில் மூன்று முழு வேகத்தில் ஓடினால் வரும் எண் இது.

ஆல்பம் எப்படி? 16 பாட்டில் கறாராக ஒரு பன்னிரண்டைத் தேர்ந்திருந்தால் அவருடைய நல்ல ஆல்பங்களில் ஒன்றாக நின்றிருக்கும் என்பது என் கருத்து. 31-ஐயும் ஒரே மூச்சில் கேட்டால் பாதி வழியில் எந்த மெட்டு எந்தப் பாட்டுக்கு என்று மறந்துவிடுகிறது. இரண்டாம் பாதியில் தயாரிப்பாளர் ஆரன் டெஸ்னரோடு செய்த மெதுவான பாட்டுகளில் சில முதல் பாதியைவிட நன்றாக இருக்கின்றன, அதுதான் எரிச்சல்.

அடுத்த மோதல் மே 17. பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' வெளியானது: பத்துப் பாட்டு, 44 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, முன்னோட்டமாக ஒரு பாட்டுகூட விடவில்லை. அதற்கு முன் மார்ச்சில் ஒரு பேட்டியில், சில பெரிய பாடகர்கள் ஒரே ஆல்பத்தை ஏகப்பட்ட இசைத்தட்டுப் பதிப்புகளாக விற்பது வீண் விரயம் என்று ஐலிஷ் சொல்லியிருந்தார். யாரையும் தனியாகக் குறிப்பிடவில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தாலும் இரு தரப்பு ரசிகர்களும் விடவில்லை. அவருடைய ஆல்பம் வந்த அதே வாரத்தில் ஸ்விஃப்ட், கைபேசியில் பாடிப் பதிந்த முதல் வரைவுகளைச் சேர்த்துப் புதிதாக டிஜிட்டல் பதிப்புகளை விற்பனைக்கு விட்டார். முடிவு: ஸ்விஃப்ட் ஐந்தாவது வாரமாக முதலிடம். ஐலிஷ் 3.39 லட்சம் யூனிட்டோடு இரண்டாமிடம், அதுவரை அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய வாரம் அதுதான்.

ஐலிஷ் தரப்பும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேகம் கூட்டியது, குறைத்தது, குரல் மட்டும் உள்ளது என்று அந்த வாரத்தில் அவர்களும் டிஜிட்டல் பதிப்புகள் விட்டார்கள். இசைத்தட்டும் பல வண்ணங்களில் வந்தது. மறுசுழற்சிப் பொருளில் செய்தது என்பது உண்மைதான். ஆனால் விளையாட்டு அதே விளையாட்டு.

மூன்றாவது மோதல் ஜூன் 7-இல் தொடங்கியது. சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த வாரத்தில் அங்கே மட்டும் வாங்கக்கூடிய ஸ்விஃப்ட் பதிப்புகள் வந்தன. 'பிராட்' இரண்டாமிடத்தில் நின்றது. சார்லியும் மூன்றே நாளில் மூன்று பாட்டைச் சேர்த்து ஒரு பதிப்பு விட்டிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் வேடிக்கை: 'பிராட், அதேதான், ஆனால் இன்னும் மூன்று பாட்டு இருப்பதால் அது இல்லை' என்ற அர்த்தத்தில் ஒரு முழு வாக்கியம். மற்றவர்கள் 'டீலக்ஸ்' என்று மரியாதையாக மூடி வைக்கும் வியாபாரத்தை அட்டையிலேயே எழுதிவிட்டார்.

## 'பிராட்': கணக்கைக் கேலியாக்கிய ஆல்பம்

இந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு பாப் ஆல்பம் என்றால் கை 'பிராட்' பக்கம்தான் போகிறது. சார்லி இங்கிலாந்துக்காரர். அம்மா உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பம். பத்தாண்டுக்கும் மேலாக அவர் ஒரு வினோதமான இடத்தில் இருந்தார்: மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பாட்டுகள் உலகம் முழுக்க ஓடும், அவருடைய சொந்த ஆல்பங்களை விமர்சகர்களும் கிளப் ரசிகர்களும் கொண்டாடுவார்கள், பெரிய கூட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. லேபிள் என்னவோ வார்னரின் அட்லாண்டிக்தான். ஆனால் மனோபாவத்தில் இண்டி. மேலே சொன்ன வரையறைக் குழப்பம் இவரிடம் தலைகீழாக நிற்கிறது.

ஓசை எங்கிருந்து வருகிறது என்றால், லண்டனில் ஏ. ஜி. குக் நடத்திய பிசி மியூசிக் என்ற சிறிய லேபிளிலிருந்து. பாப் பாட்டின் பளபளப்பை அளவுக்கு மீறி ஏற்றி, ரப்பர் போலவும் உலோகம் போலவும் ஒலிக்கும் சிந்தசைசரைக் காதருகே வைப்பது அவர்கள் பாணி. 2021 ஜனவரியில் இறந்துபோன சோஃபி என்ற தயாரிப்பாளர் அந்த வட்டத்துக்கு நெருக்கமானவர், சார்லியின் பாதையை 2016-இலேயே திருப்பியவர். அவரை நினைத்து எழுதிய ஒரு பாட்டு 'பிராட்'டின் நடுவில் இருக்கிறது. இரவெல்லாம் ஆடும் கும்மாளத்துக்கு நடுவே திடீரென்று ஒரு இரங்கல். 'உயிரோடு இருந்தபோது இன்னும் நெருங்கியிருக்கலாமே' என்ற குற்ற உணர்வை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிட்டு, ஆல்பம் மறுபடி ஆடப் போய்விடுகிறது.

அதுதான் இந்த ஆல்பத்தின் வேலை. முதல் பாட்டு தன்னைப் பற்றிய பெருமை, கடைசிப் பாட்டு அதே மெட்டின் போதையேறிய வடிவம். இடையில் பொறாமை, அப்பா அம்மாவிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்ட குணங்கள், முப்பது வயதில் குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற குழப்பம் எல்லாம் வரிசையாக வருகின்றன. தன்னோடு எப்போதும் ஒப்பிடப்படும் ஒரு பாடகியைப் பற்றி 'இவள் என் நண்பியா, என் தோல்விக்குக் காத்திருப்பவளா தெரியவில்லை' என்கிற ரீதியில் ஒரு பாட்டு. ஆல்பம் வந்து இரண்டு வாரம் கழித்து, ஜூன் 21 அன்று, அந்தப் பாடகியே வந்து பதில் சொன்னார்: லார்ட். தன் உடலைப் பற்றிய பயமும் வெட்கமும்தான் தன்னை ஒதுங்க வைத்தது என்று அதே பாட்டின் புதிய வடிவத்தில் பாடினார். பதிப்புகளைப் பெருக்குவது இசைக்கு உதவவும் செய்யும் என்பதற்கு இந்த ஆண்டில் இதைவிட நல்ல சான்று கிடையாது. மூலப் பாட்டு கேள்வி, ரீமிக்ஸ் விடை.

அமெரிக்காவில் மூன்றாமிடம், 82,000 யூனிட். எண்ணாகப் பார்த்தால் ஸ்விஃப்டின் முதல் வாரத்தில் மூன்று சதவீதம். ஆனால் 2024 கோடையில் கண்ணில் பட்ட அதன் அட்டையின் எலுமிச்சைப் பச்சைச் சதுரத்தை, நடுவில் மங்கலான கறுப்பு எழுத்தோடு, எத்தனை பேர் நகலெடுத்துவிட்டார்கள் என்று பாருங்கள். சார்ட் என்ற விற்பனை வரிசை அளக்காத பொருள் அது.

## பத்துப் பாட்டின் பலம், 27 பாட்டின் நியாயம்

ஐலிஷின் ஆல்பத்துக்குத் திரும்புவோம். குறைவாக இருப்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் உருமாற இடம் கிடைத்திருக்கிறது. அண்ணன் ஃபினியஸ்தான் வழக்கம்போலத் தயாரிப்பு. 'லமூர் டி மா வி' என்ற பாட்டு பழைய ஜாஸ் விடுதிப் பாட்டுப் போல மிதமாக ஆரம்பித்து, கண் சிமிட்டும் நேரத்தில் எண்பதுகளின் சிந்தசைசர் நடனமாக மாறுகிறது. குரலையும் இயந்திரம் போல வளைத்துவிடுகிறார்கள். முன்னால் முணுமுணுத்தே பழகியவர் இந்த ஆல்பத்தில் தொண்டை திறந்து கத்தவும் செய்கிறார். இதையே இரண்டு தனிப் பாட்டாக வெட்டியிருந்தால் ஸ்ட்ரீம் கணக்கில் லாபம். வெட்டாமல் விட்டதால் பாட்டுக்கு லாபம்.

அப்படியென்றால் நீளமான ஆல்பம் எல்லாம் கணக்குக்காகத்தானா? பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' மார்ச் 29 அன்று 27 தடங்களோடு வந்தது, 78 நிமிடம். அதில் பல ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைத்துணுக்குகள். ஆனால் இங்கே நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆல்பம் ஒரு கற்பனை வானொலி நிலையம் போல அமைந்திருக்கிறது, நடுநடுவே பழம்பெரும் பாடகர் வில்லி நெல்சன் அறிவிப்பாளராக வருகிறார். அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறத்து 'கன்ட்ரி' இசை வெள்ளையர்களின் தனிச்சொத்து என்ற எண்ணத்துக்கு எதிராக நடக்கும் வழக்கு இது. 1969-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற பேர்பெற்ற கன்ட்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல். அவரைக் கூப்பிட்டு, இசை வகைகள் என்பதே என்ன என்று பேச வைத்திருக்கிறார் பியான்சே. பீட்டில்ஸின் பழைய பாட்டு ஒன்றைக் கன்ட்ரியில் வளர்ந்துவரும் நான்கு கறுப்பினப் பெண்களோடு சேர்ந்து பாடுகிறார். இந்த ஆல்பத்தின் முன்னோட்டப் பாட்டால் பில்போர்டு கன்ட்ரிப் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண்ணும் ஆனார். இப்படி ஒரு வாதத்துக்குச் சாட்சிகள் நிறைய வேண்டும், 27 தடம் ஆகிவிட்டது. கடைசி மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் இழுக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒரு பக்க விஷயம். இந்த ஆல்பத்தின் இசைத்தட்டை வாங்கியவர்கள் சில பாட்டுகளைக் காணோம் என்று புகார் சொன்னார்கள். ஸ்ட்ரீமிங்கில் கடைசி நாள்வரை மாற்றலாம், தட்டை அச்சடிக்கப் பல வாரம் முன்பே பாட்டுகளை ஒப்படைத்தாக வேண்டும். ஆல்பம் முடியும் முன்பே அதன் ஒரு பதிப்பு முடிந்துவிடுகிறது.

## இண்டி பக்கம்: சின்ன அறை, பழைய நாடா

பாப் இப்படி விரிந்துகொண்டிருந்தபோது இண்டியில் எதிர்த்திசை. இங்கே யாரும் பில்போர்டு முதலிடத்துக்குக் கணக்குப் போடுவதில்லை என்பதால் ஆல்பத்தின் நீளத்தைப் பாட்டுகளே முடிவு செய்கின்றன.

மார்ச் 22, ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு ஆல்பங்கள். வாக்ஸஹாட்சி என்பது கேட்டி கிரட்ச்ஃபீல்டின் மேடைப் பெயர், அவர் வளர்ந்த அலபாமாவில் ஓடும் ஓர் ஓடையின் பெயர். 'டைகர்ஸ் பிளட்' ஆல்பத்தைத் தயாரித்தவர் பிராட் குக், பதிவு டெக்சாஸில் எல்லையோரம் இருக்கும் சோனிக் ராஞ்ச் ஸ்டூடியோவில். குடியை விட்டபின் 2020-இல் கொடுத்த 'செயின்ட் கிளவுட்'டின் தெளிவு இதிலும் இருக்கிறது, ஆனால் அமைதி கூடியிருக்கிறது. நீண்ட காலக் காதலைப் பற்றி, பிரிவும் நாடகமும் இல்லாமல், 'மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுகிறோம்' என்று ஒரு பாட்டு எழுதுவது பிரிவுப் பாட்டு எழுதுவதைவிடக் கடினம். 'ரைட் பேக் டு இட்' அதைச் செய்கிறது. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் விடாமல் உருள, பாடகர் எம். ஜே. லெண்டர்மன் கூடவே சற்று மந்தமான குரலில் சேர்ந்து பாடுகிறார். லெண்டர்மனின் சொந்த ஆல்பம் 2024 செப்டம்பர் 6 அன்று வந்தது, குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மற்றது பிக் தீஃப் குழுவின் அட்ரியன் லென்கர் தனியாகச் செய்த 'பிரைட் ஃபியூச்சர்'. காட்டுக்குள் மறைந்திருக்கும் ஒரு ஸ்டூடியோவில் நான்கைந்து நண்பர்கள், கணினி இல்லாமல் நேராக நாடாவில் பதிவு. முதல் பாட்டில் தாளமே இல்லை. பியானோ தயங்கித் தயங்கி வர, சிறுவயதில் வீடு மாறியது, வளர்த்த நாய் இறந்தபோது அம்மா அழுததை முதன்முறையாகப் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார். மரப்பலகை முனகுவது, யாரோ மூச்சு விடுவது எல்லாம் கேட்கிறது. இதைத் தொடக்கப் பாட்டாக வைக்க எந்தச் சந்தை ஆலோசகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். முப்பது வினாடியில் கேட்பவர் தாண்டிவிட்டால் என்ன ஆவது?

ஜெசிகா பிராட்டின் 'ஹியர் இன் த பிட்ச்' மே 3 அன்று வந்தது. ஒன்பது பாட்டு, 27 நிமிடம், முடிந்தது. அறுபதுகளின் எதிரொலி மேளம், கொஞ்சம் பிரேசிலின் போஸா நோவா, வயதே சொல்ல முடியாத ஒரு குரல். ஒரு யூனிட் சேர 139 பேர் முழுதாகக் கேட்க வேண்டியிருந்த ஆல்பம் இது, கேட்டவர்கள் பெரும்பாலும் உடனே மறுபடி போடுகிறார்கள்.

ஐலிஷ் வெளியான அதே மே 17 அன்று போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பெத் கிப்பன்ஸும் தன் முதல் தனி ஆல்பமான 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' கொடுத்தார். பத்தாண்டு உழைப்பு. போர்ட்டிஸ்ஹெட்டின் அடையாளமாக இருந்த வெட்டி ஒட்டிய தாளத்தை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டு, டாக் டாக் குழுவின் லீ ஹாரிஸை வைத்துப் பெட்டியும் டப்பாவும் தட்டி ஒரு மங்கிய தாளத்தை உருவாக்கியிருக்கிறார். ஐம்பதுகளின் முடிவில் இருக்கும் பெண் தன் உடல் மாறுவதையும் அன்புக்குரியவர்கள் ஒவ்வொருவராகப் போவதையும் பாடுகிறார், நடுவில் குழந்தைகள் கோரஸாக வந்து 'எல்லாரும் அங்கேதான் போகிறோம்' என்கிற தொனியில் சேர்ந்துகொள்ளும்போது உடம்பு சிலிர்க்கிறது. இருபத்திரண்டு வயதுக்காரரின் ஆல்பமும் ஐம்பத்தொன்பது வயதுக்காரரின் ஆல்பமும் ஒரே நாளில், இரண்டிலும் பத்துப் பாட்டு.

வாம்பயர் வீக்எண்டும் பத்துப் பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அட்டையில் நியூயார்க்கின் பழைய சுரங்க ரயில் பெட்டி, அதற்குள் ஒருவர் பிரித்துப் படிக்கும் 1988-ஆம் ஆண்டுச் செய்தித்தாளின் தலைப்புதான் ஆல்பத்தின் பெயர். பறக்கும்போது கூரை பிய்ந்துபோன அலோஹா விமானத்தைப் பற்றிய செய்தி. பியானோவும் வயலினும் அழகாக வாசித்துக்கொண்டிருக்க மேலே கரகரவென்று இரைச்சலைக் கொட்டுவது இந்த ஆல்பத்தின் உத்தி, பெரும்பாலும் பலிக்கிறது.

## ஸ்பாட்டிஃபையில் இல்லாத ஆல்பம்

அப்புறம் சிண்டி லீ. கனடாவின் விமன் என்ற குழுவில் இருந்த பேட்ரிக் ஃபிளெகல், பெண் வேடத்தில் மேடையேறும்போது வைத்துக்கொண்ட பெயர். 'டயமண்ட் ஜூபிலி' 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளியான விதம் இது:

1. யூட்யூபில் எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே நீளக் காணொளி.
2. தொண்ணூறுகளின் இணையம் போலத் தோன்றும், ஜியோசிட்டீஸ் என்ற பழைய தளத்தின் பாணியிலான பக்கம் ஒன்றில் கோப்புகளாக டவுன்லோடு. விரும்பினால் 30 கனடிய டாலர் அனுப்பலாம்.
3. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எதிலும் வரவில்லை. சந்தை ஏற்பாடு என்று எதுவும் இல்லை.

பியான்சேயின் ஆல்பம் வந்த அதே மார்ச் 29. 32 பாட்டை முழுதாகக் கேட்டாலும் யூட்யூபில் ஒரே பார்வை. நீளம் தரும் எந்தச் சார்ட் லாபமும் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது போல. பழைய பெண் குழுக்களின் மெட்டுகள், தேய்ந்த கிட்டார், பாதி இரவில் எங்கோ தூர வானொலி பிடிபடுவது போன்ற பதிவு. இரண்டு மணி நேரம் என்றாலும் அலுக்கவில்லை.

ஏப்ரலில் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் இதற்குப் பத்துக்கு 9.1 மதிப்பெண் கொடுத்தது, புது ஆல்பம் ஒன்றுக்கு 2020-க்குப் பிறகு அவர்கள் கொடுத்ததில் மிக உயர்ந்தது. அதன்பிறகு எல்லா இடத்திலும் இதே பேச்சு. இதிலும் ஒரு முரண் இருக்கிறது. ஜனவரியில்தான் அந்தத் தளத்தை அதன் உரிமையாளர் காண்டே நாஸ்ட் ஆண்களுக்கான ஜிக்யூ பத்திரிகையோடு சேர்த்து ஆட்களைக் குறைத்திருந்தது. இசை விமர்சனத்துக்கு இனி வேலை இல்லை என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அல்காரிதத்தால் தொடவே முடியாத ஓர் ஆல்பத்தை ஒரு விமர்சனம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

## 2023 ஆல்பம் ஏன் இங்கே?

கடைசிக் குழப்பம், சாப்பல் ரோன். 'த ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் அ மிட்வெஸ்ட் பிரின்சஸ்' வந்தது 2023 செப்டம்பர் 22. அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன் 2020-இலேயே ஒரு பெரிய லேபிள் அவரைக் கைவிட்டிருந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் கச்சேரிகளில் முன்பாட்டுக்காரராகப் போனார், ஏப்ரல் 5 அன்று 'குட் லக், பேப்!' என்ற தனிப் பாட்டு வந்தது, அது ஆல்பத்திலேயே இல்லாதது. ஜூனில் நியூயார்க் விழா ஒன்றில் சுதந்திர தேவி சிலை வேடத்தில் மேடையேறினார். பழைய ஆல்பம் அந்த மாதமே பில்போர்டின் முதல் பத்துக்குள் நுழைந்தது.

கணக்கு இங்கே மட்டும் வேறு முகம் காட்டுகிறது. விற்பனையை மட்டும் எண்ணிய காலத்தில் முதல் மாதத்தில் விற்காத ஆல்பம் கடை அலமாரியிலிருந்தே போய்விடும். ஸ்ட்ரீம்களையும் சேர்த்து எண்ணுவதால் ஒன்பது மாதம் கழித்துக் கேட்டாலும் கணக்கில் சேரும். முதல் வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் ஸ்விஃப்ட் பாணியும், மெல்ல ஏறும் ரோன் பாணியும் ஒரே விதிகளிலிருந்து பிறந்தவை. முதலாவதற்கு ஏற்கெனவே ஒரு படை வேண்டும். இரண்டாவதற்கு நல்ல பாட்டும் பொறுமையும் போதும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெரிய பாடகர் ஒருவரின் மேடையும் கிடைத்தாக வேண்டும்.

இதை வைத்துப் பட்டியல் போடுபவர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். வெளியான தேதியைப் பார்ப்பவர்கள் ரோனைச் சேர்ப்பதில்லை, மக்கள் எப்போது கேட்டார்கள் என்று பார்ப்பவர்கள் சேர்க்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. இரண்டாம் பாதியில் ஜூலை 12 அன்று கிளேரோவின் 'சார்ம்', ஆகஸ்ட் 23 அன்று சப்ரினா கார்ப்பென்டரின் 'ஷார்ட் அன்' ஸ்வீட்' ஆல்பங்கள் வந்தன. கார்ப்பென்டரின் 'எஸ்பிரெஸோ' பாட்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், அவருடைய ஆல்பம் வந்த வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த வியாழனுக்கும் இடையில் எத்தனை பதிப்பு முளைத்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.